40 நாடுகள், ஒரு சிறு விமானம்: ஐரோப்பாவின் ஒவ்வொரு நாட்டிலும் தரையிறங்க முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் எத்தனை நாடுகள் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், பாதி வழியில் துருக்கி சேர்த்தியா, கொசோவோ சேர்த்தியா என்று குழம்ப நேரும். இங்கே 47 என்று வைத்துக்கொள்கிறோம். கொசோவோ உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் சைப்ரஸ் உண்டு. திரேஸ் பகுதி ஐரோப்பிய மண் என்பதால் துருக்கியும் உண்டு. ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் இல்லை.

இந்த 47-இல் நான்கு நாடுகளில் இறக்கையுள்ள விமானம் இறங்க இடமே கிடையாது. மொனாக்கோவிலும் லிக்டன்ஸ்டைனிலும் ஹெலிகாப்டர் தளம் மட்டுமே உண்டு. வாட்டிகனில் தோட்டத்து மூலையில் ஒரு ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. அது விருந்தாளிகளுக்கானது அல்ல. அண்டோராவுக்கு விமான நிலையமே இல்லை. 'அண்டோரா - லா சேயு துர்ஜெல்' என்று பெயர் தாங்கிய நிலையம் ஸ்பெயின் மண்ணில் இருக்கிறது. அங்கே இறங்கி அண்டோராவை முடித்துவிட்டதாக எழுதிக்கொள்வது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. சான் மரினோ சின்ன நாடுதான், ஆனாலும் டொராச்சா என்ற இடத்தில் குட்டையான புல் ஓடுபாதை ஒன்று வைத்திருக்கிறது. முன்அனுமதி வாங்கி, எடையைக் குறைத்துக்கொண்டு போனால் அது கணக்கில் ஏறும்.

மீதி 43. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டிருக்கிறது. ரஷ்யாவும் பெலாரூஸும் இன்றைய நிலையில் ஐரோப்பியச் சிறு விமானங்களுக்கு எட்டாதவை. ஆக, உண்மையில் முடிக்கக்கூடியவை 40. இந்த 40-ஐ ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கோடைக்காலங்களில், ஐந்தாறு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. இதில் பறப்பது எளிதான பாதி. எங்கே எல்லைக் காவலர் இருப்பார், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகள்தான் பாதையை வரையும். இயற்கைக் காட்சியை வைத்துப் பாதை போடுபவர்கள் இரண்டாம் நாளே எங்காவது மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு விதியையும் வகுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் தொட்டவுடன் மேலேறுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எஞ்சினை அணைத்து, இறங்கி, கட்டணம் கட்டி ரசீது வாங்கினால்தான் ஒரு நாடு. எல்லையைத் தாண்டி வந்து தொட்டுவிட்டு ஓடும் விமானத்தைச் சுங்கத்துறை விரும்பாது.

உரிமமும் விமானத்தின் காகிதங்களும்

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை விதிப்படியான பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) இருந்தால் உரிமத் தொல்லை குறைவு. இலகு ரகமான எல்ஏபிஎல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அது ஐகாவோ எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்திலானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைனிலும் மட்டுமே செல்லும். பால்கனில் பாதி அதோடு போயிற்று. பிரிட்டிஷ் உரிமம் உள்ளவர்கள் பிரிட்டனில் பதிவான விமானத்தில் எங்கும் போகலாம். ஆனால் பிரிட்டன் முகமையை விட்டு வெளியேறிய பிறகு, அதே உரிமத்தை வைத்து ஜெர்மன் பதிவு விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்ட முடியாது. இந்திய விமானத்துறை இயக்குநரகமான டிஜிசிஏ தரும் பிபிஎல்லுக்கும் இதுவே பொருந்தும். செல்லுபடிச் சான்றோ உரிம மாற்றமோ இல்லாமல் ஐரோப்பியப் பதிவு விமானத்தின் இடது இருக்கையில் உட்கார முடியாது. எவராயினும் உரிமத்தில் ஆங்கில மொழித்திறன் நிலை 4-க்குக் குறையாமல் பதிவாகியிருக்க வேண்டும். அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பலர் பார்ப்பதில்லை.

விமானத்தில் இருக்க வேண்டிய மூலப் பிரதிகள்: பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, அதன் மறுஆய்வுச் சான்று, ஒலிச் சான்று, வானொலி உரிமம், காப்பீட்டுச் சான்று, விமானக் கையேடு, எடை-சமநிலைத் தாள். மறுஆய்வுச் சான்று பயணத்தின் நடுவே காலாவதியாகிறதா, 100 மணி நேரப் பராமரிப்பு எந்த நாட்டில் வந்து விழும் என்று முன்பே கணக்கிடுங்கள். வீட்டில் கட்டிய விமானம், அல்ட்ராலைட் போன்ற 'பறக்க அனுமதி' வகைகளுக்கு ஒவ்வொரு நாட்டு விதியும் வேறு. சில நாடுகள் தானாக ஏற்கும், சில எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கும்.

காப்பீட்டில் குறைந்தபட்ச மூன்றாம் நபர் தொகையை ஐரோப்பிய ஒன்றிய விதி 785/2004 நிர்ணயிக்கிறது. 1,000 முதல் 2,700 கிலோ வரை எடையுள்ள விமானத்துக்கு, அதாவது செஸ்னா 172, பைப்பர் ஆர்ச்சர் போன்றவற்றுக்கு, 30 லட்சம் எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பாலிசியின் நிலவரைப் பகுதியைப் படியுங்கள். 'ஐரோப்பா' என்று எழுதியிருந்தாலும் துருக்கி, மால்டோவா, கொசோவோ சேர்ந்ததா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளப் விமானம் என்றால் கிளப்பின் விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம்.

கருவிகளில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வானொலியும், ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் மோட்-எஸ் டிரான்ஸ்பாண்டரும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி ஒன்று.

கடவுச்சீட்டு வேறு, சுங்கம் வேறு

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். எல்லையில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள்ளிருந்து வருகிறீர்களா என்பது ஆளைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியச் சுங்கப் பகுதிக்குள்ளிருந்து வருகிறீர்களா என்பது விமானத்தையும் பொருளையும் பற்றியது. இரண்டுக்கும் விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஷெங்கனில் உண்டு, ஒன்றியச் சுங்கத்தில் இல்லை. அங்கே கடவுச்சீட்டு முத்திரை தேவையில்லை, ஆனால் சுங்க வசதி உள்ள நிலையத்தில் இறங்கவோ முன்கூட்டி அறிவிக்கவோ வேண்டும். அயர்லாந்தும் சைப்ரஸும் நேர்மாறு: சுங்கத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன், செர்பியா, போஸ்னியா, மான்டிநீக்ரோ, அல்பேனியா, கொசோவோ, வட மாசிடோனியா, மால்டோவா, துருக்கி ஆகியவற்றுக்கு இரண்டும் தேவை. குரோஷியா 2023-இல் ஷெங்கனில் சேர்ந்தது. பல்கேரியா, ருமேனியாவின் வான் எல்லைகள் 2024 மார்ச் 31 முதல் திறந்தன. பழைய குறிப்புகளை வைத்துத் திட்டமிட்டால் இந்த மூன்று நாடுகளிலும் வீணாகப் பெரிய நிலையத்துக்கு அலைவீர்கள்.

நடைமுறை விதி இது: எல்லைக் கோட்டைத் தாண்டும்போது புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டும் எல்லைச் சோதனைக்கு அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். புறப்படும் பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சிறு நிலையங்களில் காவலர் நாள் முழுக்க இருக்கமாட்டார். முதல் நாளே சொன்னால் வருவார், சொல்லாவிட்டால் வரமாட்டார். அறிவிப்பு நேரம் அந்தந்த நாடு வெளியிடும் விமானத் தகவல் ஏடான ஏஐபியில் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கும்.

பிரிட்டனுக்குத் தனி நடைமுறை. 'ஜிஏஆர்' எனப்படும் விமான, பயணிகள் விவர அறிக்கையை இணையம் வழியே, புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாக இல்லாமலும், 2 மணி நேரத்துக்குக் குறையாமலும் அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது சட்டக் கட்டாயம். போகும்போதும் வரும்போதும் அனுப்ப வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு: பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவை வாங்குங்கள். ஒருமுறை விசா வாங்கினால் செர்பியா போய்விட்டு ஹங்கேரிக்குத் திரும்ப முடியாது. செல்லுபடியாகும் பலமுறை ஷெங்கன் விசா இருந்தால் பால்கன் நாடுகளில் பெரும்பாலானவை தனி விசா கேட்பதில்லை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஷெங்கன் விசா செல்லாது, வேறு விசா வேண்டும். தனியார் விமானி உரிமத்தை விமானப் பணியாளர் அட்டைபோல நீட்டி விசாவைத் தவிர்க்கலாம் என்று எண்ண வேண்டாம்.

பெட்ரோல்

ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டனில் சிறு விமானங்களின் ஈயம் கலந்த பெட்ரோலான அவ்கேஸ் 100எல்எல் தாராளமாகக் கிடைக்கும். தெற்கே, கிழக்கே போகப்போக அருகிவிடும். கிரேக்கத்தில் சில நிலையங்களில் மட்டுமே உண்டு, அங்கும் இருப்பு தீர்ந்துபோவது சகஜம். துருக்கி, மால்டோவா, பால்கனின் பெரிய நிலையங்களில் 'இருக்கும்' என்று ஏஐபி சொன்னாலும் முதல் நாள் தொலைபேசியில் பேசி, எத்தனை லிட்டர், எந்த நேரம் என்று உறுதி செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயம் கலந்த எரிபொருளுக்கான சேர்மம் 2025 மே 1 முதல் தனி அங்கீகாரத்தின் கீழ்தான் பயன்படுகிறது. அதனால் சில சிறு தளங்கள் ஈயமற்ற வகைக்கு மாறி வருகின்றன. உங்கள் எஞ்சின் யூஎல்91-ஐ ஏற்குமா என்று உற்பத்தியாளர் பட்டியலில் பார்த்துவிடுங்கள். பெரிய விமானங்களின் எரிபொருளான ஜெட் ஏ-1 குடிக்கும் டீசல் எஞ்சின் கொண்ட டயமண்ட் விமானம் கையில் இருந்தால் இந்தத் தலைவலி ஏறக்குறைய இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாடகைக்கு எடுப்பது தகும்.

பணம் கட்டும் முறையும் முக்கியம். பிரான்சின் சிறு தளங்களில் ஆளில்லா பம்புகள் பல, எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விமான எரிபொருள் அட்டையை மட்டுமே ஏற்கும். சாதாரண வங்கி அட்டையோடு ஞாயிறு மாலையில் அந்தப் பம்பின் முன்னால் நின்றால் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை. அட்டைக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். ரொக்க யூரோவும் கொஞ்சம் வைத்திருங்கள்.

எளிய விதி: அடுத்த நிலையத்தில் பெட்ரோல் இல்லை என்றே வைத்து, அதற்கு அடுத்த நிலையம் வரை போகும் அளவு நிரப்புங்கள். ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து மால்டோவாவின் கிஷினாவ் 56 கடல்மைல்தான் (ஒரு கடல்மைல் 1.85 கிலோமீட்டர்). போக, வர, மாற்று நிலையம், கையிருப்பு எல்லாம் யாஷிலேயே ஏற்றிக்கொண்டால் கிஷினாவில் எரிபொருள் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

தலைநகர் விமான நிலையம்தான் நாடு என்றில்லை. அங்கே விமானத்தைத் தரையில் கவனித்துக்கொள்ளும் நிறுவனமான கையாளுநருக்குக் கட்டாயமாகக் கட்டும் கட்டணம் நூற்றுக்கணக்கான யூரோவைத் தொடும். நிறுத்த இடமும் இருக்காது. ஸ்லோவேனியாவுக்குப் போர்டோரோஷ், போர்ச்சுகலுக்குக் காஷ்காயிஷ், லிதுவேனியாவுக்குக் கௌனஸ் போன்றவை போதும். சில நாடுகளில் நடைமுறையில் தேர்வே கிடையாது: லக்சம்பர்க்கில் ஃபிண்டெல், மால்டாவில் லூக்கா, கொசோவோவில் பிரிஷ்டினா.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தாள் போட்டு எழுதுங்கள்: பிபிஆர் எனப்படும் முன்அனுமதி வேண்டுமா, எத்தனை மணி நேரம் முன்னால், திறந்திருக்கும் நேரம் உலகப் பொது நேரத்திலா உள்ளூர் நேரத்திலா, சுங்கம், எரிபொருள், கையாளுநர், இரவு நிறுத்தம், தொலைபேசி எண். ஐஸ்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் கோடையில் உள்ளூர் நேரம் ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும் என்பதை மறந்து, பூட்டிய நிலையத்தின் மேல் வட்டமிட்டவர்கள் ஏராளம். பிரான்சில் சில தளங்களில் கட்டுப்பாட்டாளர் போன பிறகு பிரெஞ்சு மொழியில் மட்டுமே வானொலி அழைப்பு அனுமதி. நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பதில் பிரெஞ்சில் வரும்.

ஏஐபி ஏடுகளை ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலின் ஈஏடி தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஸ்கைடெமான் போன்ற செயலி பாதை போடவும் ஃப்ளைட் பிளான் எனப்படும் பயணத் திட்டத்தை அனுப்பவும் உதவும். ஆனால் பிபிஆர், சுங்க நேரம் இரண்டையும் செயலியை நம்பாமல் ஏட்டிலேயே பாருங்கள்.

பறக்கும் நாள்

எல்லை தாண்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஃப்ளைட் பிளான் போடுங்கள். சில அண்டை நாடுகள் தங்களுக்குள் விலக்கு வைத்திருந்தாலும் போடுங்கள், தேடுதல்-மீட்பு அதை வைத்துத்தான் தொடங்கும். புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே அனுப்ப வேண்டும். கோபுரம் இல்லாத தளத்தில் இறங்கினால் பிளானை முடித்துவைப்பது உங்கள் பொறுப்பு. முடிக்காமல் சாப்பிடப் போய்விட்டால் அரை மணியில் உங்களைத் தேடத் தொடங்குவார்கள்.

நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பைப் படிக்கும்போது நாட்டுக்கு நாடு கண் வைக்க வேண்டிய இடம் மாறும். பிரான்சில் ராணுவத் தாழ்பறப்பு வலையம் அன்று உயிர்ப்பில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். போலந்திலும் பால்டிக் நாடுகளிலும் கிழக்கு எல்லையை ஒட்டிப் புதிதாகத் தடைப்பகுதி வந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். உயரமானியை உள்ளூர் காற்றழுத்தத்திலிருந்து பொது அழுத்தத்துக்கு மாற்றும் நிலைமாற்ற உயரமும் ஒன்றல்ல: பிரிட்டனில் பெரும்பாலும் 3,000 அடி, ஜெர்மனியில் 5,000.

ஆல்ப்ஸைக் கடக்க எளிதான வாசல் பிரென்னர் கணவாய், 1,370 மீட்டர். மலைமுகட்டு உயரத்தில் காற்று 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) வேகத்தைத் தாண்டினால் நாளை மாற்றுங்கள். ஃபேன் எனப்படும், மலைச்சரிவில் இறங்கும் வறண்ட வெப்பக் காற்று வீசும் நாளில் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். ஆள் ஏமாறுவது அதில்தான். 10,000 அடிக்கு மேல் 30 நிமிடத்துக்கு மிகுந்தால் ஆக்சிஜன் வேண்டும்.

கூடவே எடுத்துச் செல்ல: ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கி, கட்டும் கயிறு, சக்கரக் கட்டை, இழுவைக் கம்பி, நான்கு குவார்ட் எஞ்சின் எண்ணெய், இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு 6.00-6 ட்யூப், பயணிகள் விவர அறிவிப்புத் தாள் பத்துப் பிரதி. ட்யூப் இல்லாமல் தீவொன்றில் மாட்டினால் மூன்று நாள் போய்விடும்.

பால்கன்: வரிசை பிறழக்கூடாது

செர்பியாவிலிருந்து கொசோவோவுக்கோ திரும்பியோ நேரடியாகப் பறக்க முடியாது. கொசோவோவுக்கு அல்பேனியா, வட மாசிடோனியா பக்கம் வழியாகத்தான் வழி. கொசோவோ வழியாக நுழைந்ததை செர்பியா முறையான நுழைவாக ஏற்பதும் இல்லை. ஆகவே செர்பியாவை முதலில் முடித்துவிடுங்கள்: ஹங்கேரி, செர்பியா, போஸ்னியா, மான்டிநீக்ரோ, அல்பேனியா, கொசோவோ, வட மாசிடோனியா, பிறகு பல்கேரியாவோ கிரேக்கமோ. தூரங்கள் சின்னவை. பிரிஷ்டினாவிலிருந்து ஸ்கோப்யே சுமார் 45 கடல்மைல்தான். ஆனால் டிரானாவுக்கும் பிரிஷ்டினாவுக்கும் நடுவே 2,500 மீட்டரைத் தாண்டும் மலைகள் உண்டு, கோடைப் பிற்பகலில் இடிமேகம் அவற்றின் மேல்தான் முதலில் கட்டும். காலை பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள். நாட்டுக்கு ஒரு மணி நேரம் பறப்பு, இரண்டு மணி நேரம் கவுண்டர் என்று கணக்கு வைத்தால் ஒரு நாளில் இரண்டு நாடுகள்தான். ஏட்ரியாட்டிக் கரையில் மலையிலிருந்து இறங்கும் போரா எனும் கடுங்காற்று வீசும் நாளில் அதுவும் இல்லை.

பால்டிக்

போலந்திலிருந்து லிதுவேனியாவுக்குப் போகும் வழி, ரஷ்யாவின் கலினின்கிராடுக்கும் பெலாரூஸுக்கும் இடையில் சுமார் 65 கிலோமீட்டர் அகலமுள்ள சுவாவ்கி இடைவெளி. இந்தப் பகுதியில் ஜிபிஎஸ் குழப்பப்படுவது வழக்கமாகிவிட்டது. நகரும் வரைபடம் நின்றுவிட்டாலும் பரவாயில்லை. நிற்காமல் பொய் சொல்லத் தொடங்கினால்தான் ஆபத்து. காகித வரைபடம், நேரம்-திசைக் கணக்கு, விஓஆர் எனும் தரை வானொலி வழிகாட்டி மூன்றும் தயாராக இருக்கட்டும். கட்டுப்பாட்டாளரோடு தொடர்ந்து பேசிக்கொண்டே போங்கள். டாலினிலிருந்து ஹெல்சிங்கி பக்கம் 80 கிலோமீட்டர் கடல். ஹெல்சிங்கியின் பழைய மால்மி நிலையம் இப்போது இல்லை. பழைய பயணக் குறிப்புகள் இன்னும் அதைத்தான் சொல்லும்.

தென்கிழக்கு மூலை

மால்டா எளிது: சிசிலியின் கொமிசோவிலிருந்து 70 கடல்மைல் கூட இல்லை. சைப்ரஸுக்கு ரோட்ஸிலிருந்து பாஃபோஸ், சுமார் 240 கடல்மைல், பெரும்பாலும் கடல்மேல். வடக்கு சைப்ரஸின் எர்ஜானில் இறங்குவதை சைப்ரஸ் அரசு சட்டவிரோதமாகக் கருதுகிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். சைப்ரஸிலிருந்து துருக்கிக்கு நேரடியாகப் பிளான் போட முடியாது. துருக்கியைத் தனியாக, பல்கேரியாவிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ திரேஸின் சோர்லுவுக்குப் போய் முடிக்கலாம். அனுமதியையும் கையாளுநரையும் வாரம் முன்பே பேசிவிடுங்கள். ஏஜியனில் ஜூலை, ஆகஸ்ட்டில் மெல்டெமி எனும் பலத்த வடக்குக் காற்றும், தீவு நிலையங்களில் இடநேர ஒதுக்கீட்டுத் தட்டுப்பாடும் சேர்ந்து வரும். மே அல்லது செப்டம்பர் நல்லது.

ஐஸ்லாந்து: கணக்கு போட்டுப் பாருங்கள்

40-இல் உயிருக்கு உண்மையிலேயே ஆபத்தானது இந்த ஒன்றுதான். ஒற்றை எஞ்சினில் போகும் வழி: ஸ்காட்லாந்து, ஃபேரோ தீவுகளின் வாகர், ஐஸ்லாந்தின் ஹோஃப்ன் அல்லது எகில்ஸ்டாடிர். ஃபேரோவில் வாகரைத் தவிர வேறு விமான நிலையம் கிடையாது. மூடுபனி இறங்கினால் மாற்று நிலையம் கடலுக்கு அப்பால் வந்த இடம்தான்.

பைப்பர் ஆர்ச்சரின் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 182 லிட்டர். மணிக்கு 36 லிட்டர் என்றால் சுமார் 5 மணி நேரம். 45 நிமிடக் கையிருப்பைக் கழித்தால் 4.3 மணி. வேகம் 110 நாட், எதிர்க்காற்று 20 நாட் என்று வைத்தால் போகும் வேகம் 90, திரும்பும் வேகம் 130. திரும்பி வரக்கூடிய எல்லைப் புள்ளி: 4.3-ஐ 90-ஆலும் 130-ஆலும் பெருக்கி 220-ஆல் வகுத்தால் சுமார் 229 கடல்மைல். ஸ்காட்லாந்தின் விக்கிலிருந்து வாகர் சுமார் 250 கடல்மைல், அதாவது வாகரை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. இன்னும் வடக்கே, ஆர்க்னித் தீவுகளின் கிர்க்வாலிலிருந்து சுமார் 227. மேலேறும்போது குடிக்கும் கூடுதல் எரிபொருளைச் சேர்த்தால் அதுவும் போதாது. ஆக, 200 கடல்மைலில் ஒரு முடிவுப் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வானொலியில் வாகரின் புதிய வானிலையை வாங்குங்கள். மேகத்தளம் நீங்கள் வீட்டிலேயே எழுதிவைத்த எண்ணுக்குக் கீழே இருந்தால் திரும்புங்கள். எண்ணை அந்தரத்தில் முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லா எண்ணும் போதுமானதாகத் தோன்றும்.

கடல்நீர் கோடையிலும் 10 டிகிரி அளவுதான். உயிர்காப்பு உடையை இடுப்புவரை போட்டுக்கொண்டு மீதியைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. முழுவதும் போட்டு ஜிப்பை இழுத்து உட்காருங்கள். மிதவைப் படகு பின்சீட்டில், கை எட்டும் தூரத்தில், கட்டாமல் இருக்க வேண்டும். உறைநிலை உயரம் உங்கள் பறப்பு உயரத்துக்குக் கீழே இருந்து மேகமும் இருந்தால் பனிக்கட்டி இறக்கையில் ஏறும். அந்த நாளை விட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் காலம். ஐஸ்லாந்துக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினால் அதில் பறப்பது இரண்டு நாள், மீதி ஸ்காட்லாந்தில் ஜன்னல் வழியே மழை பார்ப்பது.

கணக்குப் புத்தகம்

ஒவ்வொரு தரையிறக்கக் கட்டண ரசீது, எரிபொருள் ரசீது, ஜிஏஆர் ஒப்புகை, பிபிஆர் மின்னஞ்சல் அனைத்தையும் நாடுவாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். 40 நாடுகளுக்கான சான்று மட்டுமல்ல அது. சில நிலையங்கள் அன்றே பணம் வாங்காமல், விமானத்தின் பதிவு முகவரிக்குப் பல மாதங்கள் கழித்துக் கட்டணச் சீட்டு அனுப்பும். கிளப் விமானம் என்றால் அது கிளப்புக்குப் போகும். கட்டியதற்கு ரசீது இருந்தால் இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை.